உலர் ரத்தத் துளி: காயும் முன்னே உறையில் போடாதீர்கள்

போன வாரம் ஒரு முகாமில், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) சோதனைக்காக, விரல் நுனித் துளியை வடிதாள் கார்டில் வைத்து உலர்த்தும் முறையில் ரத்தம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள். கையுறை, பெயர், தேதியெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஈரக் கார்டை மூடி வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சில வருடங்களுக்கு முன், நல்ல அடைமழை நாளில், போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான முகாம். பலருக்கு நரம்பே கிடைக்காது. விரல் நுனித் துளி கைகொடுப்பது அங்கேதான். மாலையில் வண்டி கிளம்பும் அவசரம். துளிகள் மேலே பழுப்பேறிக் காய்ந்த மாதிரி தெரிந்தன. எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கார்டுகளையும் உறையில் போட்டு மூடிவிட்டேன்.

ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி (தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்குவது, வைரஸ் போன பிறகும் இருக்கும்) பாசிட்டிவ், வைரஸ் ஆர்.என்.ஏ. (வைரஸ் இப்போதும் உடலில் இருப்பதைக் காட்டும் அதன் மரபுப்பொருள்) இல்லை என்று முடிவு வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தொற்று வந்தவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் சிகிச்சை இல்லாமலே வைரஸ் போய்விடும். அவரும் அப்படித்தான் என்று நினைத்து, “உங்களுக்குச் சரியாகிவிட்டது” என்று சொல்லி அனுப்பினோம். பல மாதம் கழித்து நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைரஸ் இருக்கிறது. ஈரத்தில் ஆன்டிபாடி ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். அதனால் கெட்டுப்போன கார்டு, குணமானவரின் கார்டு மாதிரியே முடிவு காட்டும். பழைய பதிவைப் புரட்டினேன். உறைக்குள் ஈரம் இருந்தால் நிறம் மாறும் ஈரங்காட்டி அட்டை இளஞ்சிவப்பாக மாறியிருந்தது என்று அதிலேயே எழுதியிருந்தது. பன்னிரண்டு வார மாத்திரையை அப்போதே தொடங்கியிருக்கலாம்.

கார்டைப் படுக்கையாக, ஒன்றை ஒன்று தொடாமல் வையுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம். மழைக்காலம் என்றால் இரவு முழுக்க. அப்புறம்தான் உறையும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும். வண்டி காத்திருக்கட்டும்.

வெயிலில் காயவைப்பது

வேண்டாம். ஹேர் டிரையரும் வேண்டாம்.

துளி மேல் துளி

கார்டில் அச்சிட்டிருக்கும் ஒரு வட்டத்துக்கு ஒரே பெரிய துளி, தாளின் பின்பக்கம் வரை ஊற வேண்டும். பற்றவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்று வைத்தால் ரத்தம் சீராகப் பரவாது. அடுத்த வட்டத்துக்குப் போங்கள். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும்.

ஆன்டிபாடி முடிவோடு நிறுத்துவது

ஆர்.என்.ஏ. பார்க்காமல் யாரிடமும் “உங்களுக்கு நோய் இருக்கிறது” என்று சொல்லாதீர்கள்.

நரம்பு கிடைக்கும்போதும் கார்டை எடுப்பது

ஒரு வட்டத்தில் இருப்பது சுமார் 70 மைக்ரோலிட்டர் ரத்தம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு வெறும் அணுக்கள். வைரஸோ, ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜெனோ (அந்த வைரஸின் மேலுறைப் புரதம்) குறைவாக இருந்தால் கார்டில் தவறிப்போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதலும், நரம்பில் எடுக்க வசதியோ ஆளோ இல்லாத இடங்களுக்கும் நரம்பு கிடைக்காதவர்களுக்கும்தான் இந்த முறையைச் சொல்கிறது. நரம்பு நன்றாகத் தெரிந்தால் குழாயிலேயே எடுங்கள்.