பதற்றத்தோடு வாழும் நாயகியை வைத்து அறிவியல் காதல் நாவல் எழுதுவது எப்படி?

கடுமையான பதற்றக் கோளாறு உள்ள ஒரு பெண்ணை நாயகியாக வைத்து அறிவியல் காதல் நாவல் எழுத விரும்புபவர், கதையின் அறிவியல் கற்பனையை அவளுடைய பதற்றம் குடியிருக்கும் இடத்திலேயே ஊன்ற வேண்டும். பதற்றத்திற்கு இரை நிச்சயமின்மை. ஆகவே நிச்சயமின்மையை இயல்பாகவே உண்டாக்கும் ஓர் அறிவியல் உண்மையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்படிச் செய்தால் காதல், அறிவியல், நோய் ஆகிய மூன்றையும் தனித்தனியாக இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்காது.

எடுத்துக்காட்டாக, 2070-ஆம் ஆண்டுச் சென்னையில் கயல்விழி என்னும் பெண் நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளராக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க் குடியிருப்பில் பனிக்கட்டியை உருக்கிக் குடிநீர் எடுக்கும் இளங்கோ அவளிடம் ஆலோசனை கேட்கிறான். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது என்பதால், உப்பை நீக்கத் தெரிந்தவரின் உதவி அவனுக்குத் தேவைப்படுவது நம்பும்படியாக இருக்கும். இரு கோள்களுக்கும் இடையே வானொலி அலை செல்ல ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் வர, அவன் உடனே பதில் சொன்னாலும், 44 நிமிடங்கள் வரை ஆகலாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராத பத்து நிமிடத்தைக் கடக்கத் தவிக்கும் ஒருத்திக்கு அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதுதான் உங்கள் நாவல். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியன் இடையில் வருவதால் இரண்டு வாரங்கள் வரை தொடர்பை நம்ப முடியாமல் போகும். கதையின் உச்சத்தை அங்கே வைக்கலாம், வில்லன் தேவையில்லை.

அடுத்து உடல். பேனிக் அட்டாக்கை "அவள் பயந்துபோனாள்" என்று ஒரே வரியில் கடந்துவிடக் கூடாது. ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தின் எஸ்கலேட்டரில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகின்றன. அந்த மரத்துப்போதலையே மாரடைப்பின் அறிகுறி என்று எண்ணி அவள் மேலும் வேகமாக மூச்சு விடுகிறாள். சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்லத் தணியும் இந்தச் சுழலைப் படிப்படியாக எழுதினால், வாசகருக்கு விளக்கவுரையே வேண்டியதில்லை. வீட்டில் நடப்பதும் முக்கியம். "என்னடி, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்று அம்மா கேட்பார், "ஒண்ணுமில்லம்மா" என்பாள், ஈ.சி.ஜி. சரியாக இருப்பதால் "கேஸ் ட்ரபிள்தான்" என்று அப்பா சொல்வார், இரவில் பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுவார். இவர்களில் யாரும் கொடியவர்கள் அல்லர் என்பதை எழுத்து உணர்த்த வேண்டும். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே ஏச்சாகப் பயன்படுத்தும் ஊர் இது. மருத்துவரிடம் போக அவள் தயங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

காதல் வளரும் விதத்தில்தான் பெரும்பாலான கைப்பிரதிகள் சறுக்குகின்றன. நாயகன் "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது இனிமையாகத் தோன்றும். உண்மையில் அத்தகைய உறுதிமொழி சிறிது நேரம் ஆற்றிவிட்டு, மறுபடியும் கேட்கத் தூண்டி, பதற்றத்தை வளர்க்கும். இளங்கோ வேறு விதமாகக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த செய்தியை எப்போது அனுப்புவான் என்று நேரத்தைச் சொல்லி, அதைத் தவறாமல் காக்கட்டும். அவளோ, "என் மேல கோபமா?" என்று தட்டச்சு செய்த வரியை அனுப்பாமல் அழித்துவிட்டு, சவ்வு வடிகட்டியின் அழுத்தத்தைப் பற்றிய கணக்கை மட்டும் அனுப்பும் ஓர் இரவு வரட்டும். முத்தக் காட்சிக்கு நிகரான காதல் காட்சி அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காதலாலோ, மூளையில் பொருத்தும் கருவியாலோ நோய் பறந்துபோனதாக முடிக்காதீர்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் அஞ்சும் சூழலைச் சிறுசிறு படிகளாக எதிர்கொள்ளப் பழகுவார்கள். மருந்துகள் பயன்தரப் பல வாரங்கள் ஆகலாம். இவை நடுவில் ஓர் அத்தியாயத்தோடு நின்றுவிடாமல் கடைசிப் பக்கம் வரை அவளுடைய அன்றாடத்தில் இருக்கட்டும். அவளுடைய வேலைத் திறமையையும் மறக்க வேண்டாம். குழாய் அழுத்தம் திடீரென்று சரியும்போது, கட்டுப்பாட்டு அறையில் நிதானம் இழக்காதவள் அவளாக இருக்கலாம். உண்மையான ஆபத்து வரும்போது செய்வதற்குக் கண்ணெதிரே ஒரு வேலை இருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கும்போது அது இல்லை.

முதல் வரைவு முடிந்ததும், பதற்றக் கோளாறோடு வாழும் ஒருவர் விரும்பி முன்வந்தால் அவரிடம் படிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் கயல்விழி வேறு யாரோ போலப் பேசுகிறாள் என்று கேளுங்கள். அவர் குறித்துத் தரும் பக்கங்களிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.