சிபில் ஸ்கோர் குறைந்த நிலையில் கிரெடிட் கார்டு வட்டியைக் குறைப்பது எப்படி?

நம் ஊரில் வட்டிக்குப் பணம் வாங்குகிறவர்கள் மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் அது இரண்டு வட்டி. இந்தக் கணக்கில் பார்த்தால், இன்று பெரும்பாலான கிரெடிட் கார்டுகள் நிலுவைக்கு வாங்குவது மூன்றரை வட்டி, மூன்றே முக்கால் வட்டி. ஆண்டுக்கு அது 42 முதல் 45 சதவீதம் ஆகிறது. போதாததற்கு அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்கிறது. சாதாரணக் கடன்களின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.

ஒரு லட்சம் ரூபாய் நிலுவை, மூன்றே முக்கால் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 3,750 ரூபாய், ஜி.எஸ்.டி. 675 ரூபாய், ஆக மொத்தம் 4,425 ரூபாய். மினிமம் டியூ என்று பில்லில் அச்சாகியிருக்கும் தொகை 5,000 ரூபாயாக இருந்து அதை மட்டும் கட்டினால், அசலில் கழிவது 575 ரூபாய்தான். மினிமம் டியூ கட்டுவது தாமதக் கட்டணத்திலிருந்தும் நம் கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் சிபில் அறிக்கையில் விழும் கறையிலிருந்தும் காப்பாற்றுமே தவிர, வட்டியிலிருந்து காப்பாற்றாது.

சட்டம் வந்து வட்டியைக் குறைக்கும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஸ்கோர் நன்றாக இருப்பவர், நிலுவையைக் குறைந்த வட்டியில் வேறு கார்டுக்கு மாற்றலாம். தனிநபர் கடன் வாங்கி அடைக்கலாம். 300 முதல் 900 வரையுள்ள சிபில் அளவில் 750-க்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கதவுகள் எளிதில் திறக்கும். அதற்கு வெகுவாகக் கீழே இருப்பவர்களுக்கு, ஸ்கோரை யாரும் பெரிதாகப் பார்க்காத இடத்துக்குக் கடனை நகர்த்துவதே வழி. அதற்கு முன், கையிலுள்ள கார்டிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, நிலுவை உள்ள கார்டில் புதிதாக எதையும் வாங்காமல் இருப்பது. முந்தைய பில்லில் பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். பலரும் பில் தேதியிலிருந்துதான் வட்டி என்று நினைத்துக்கொண்டு, பெட்ரோலுக்கும் மருந்துக்கும் அதே கார்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆன்லைன் கடைகளிலும் செயலிகளிலும் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களை நீக்கிவிட்டால், மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களும் பெரும்பாலும் நின்றுவிடும்.

இரண்டாவது, டியூ தேதி வரை காத்திராமல் பணம் வந்த அன்றே கட்டுவது. வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர், 18-ஆம் தேதி கட்டவிருந்த 10,000 ரூபாயை அன்றே கட்டிவிட்டால், மேற்சொன்ன விகிதத்தில் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து ஏறக்குறைய 250 ரூபாய் மிஞ்சும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை கட்டினாலும் வங்கி ஏற்றுக்கொள்ளும்.

அடுத்து, அதே வங்கியிடம் நிலுவையை இ.எம்.ஐ.யாக மாற்றக் கேட்க வேண்டும். ஸ்கோர் குறைந்தவர்களுக்கு ஓரளவு நம்பிக்கை தரும் வழி இது. வங்கி இங்கே புதிதாகக் கடன் தரவில்லை, கொடுத்த கடனையே திரும்ப வாங்கப் பார்க்கிறது. வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 12 முதல் 18 சதவீதத்துக்குள் இருக்கும். ஆனால் நேரம் முக்கியம். டியூ தேதியைத் தாண்டி, கணக்கு பாக்கியில் விழுந்தபின் கேட்டால் வழக்கமான இ.எம்.ஐ. வசதி மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம். பில் வந்த மறுநாளே வாடிக்கையாளர் சேவை எண்ணை அழையுங்கள். “என் கார்டு நிலுவையை 18 மாத இ.எம்.ஐ.யாக மாற்ற வேண்டும். ஆண்டு வட்டி எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, இடையில் மொத்தமாக அடைத்தால் கட்டணம் உண்டா?” என்று இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்பது நல்லது. எதிர்முனையில் இருப்பவர் “மாதம் 1.3 சதவீதம்தான் சார்” என்று சொன்னால் அதைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சொன்னதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, வந்தபின் ஒப்புதல் தாருங்கள். இ.எம்.ஐ. வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதும், ஒரு தவணை தவறினால் அந்தத் தொகை பழைய 45 சதவீத வட்டிக்குள் போய்விழும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இருப்பதிலேயே அதிகம் மிச்சமாகும் வழி நகைக்கடன். வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ இங்கே பார்ப்பது தங்கத்தின் எடையையும் தரத்தையும்தான். குறைந்த ஸ்கோர் பெரும்பாலும் தடையாக நிற்பதில்லை. கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் மதிப்புப் போடுவார்கள். நீங்கள் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் கணக்கில் வராது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, 2026 ஏப்ரல் முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கடன் தரலாம். எல்லா இடத்திலும் வட்டி ஒன்றல்ல. வங்கியில் 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைப்பது, தெருமுனை நிதி நிறுவனத்தில் இரண்டு மடங்காக இருக்கக்கூடும்.

மாதம் 8,000 ரூபாய் கட்ட முடிகிற ஒருவரின் ஒரு லட்ச ரூபாய் நிலுவையை மூன்று வழியிலும் கணக்கிட்டுப் பார்த்தேன். கார்டிலேயே விட்டால் 19 மாதம் ஆகிறது. வட்டியும் வரியுமாகச் சுமார் 49,000 ரூபாய் போகிறது. 16 சதவீத இ.எம்.ஐ.யாக மாற்றினால் ஏறக்குறைய 14 மாதம். போவது சுமார் 12,000 ரூபாய். 10 சதவீத நகைக்கடன் வாங்கி அடைத்தால் அதே 14 மாதத்துக்குள் முடிந்து, வட்டி 6,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. செயலாக்கக் கட்டணமும் மதிப்பீட்டுக் கட்டணமும் இதில் சேரவில்லை.

ஆனால் நகை ஏலத்துக்குப் போகும் ஆபத்து கார்டுக் கடனில் இல்லாதது. ஆண்டு முடிவில் மொத்தமாகத் திருப்பும் திட்டத்தைவிட, மாதாமாதம் அசலும் வட்டியும் கட்டும் திட்டம் இந்த நிலையில் பாதுகாப்பானது. வீட்டில் இருப்பவரின் நகை என்றால், கடன் விவரம் முழுவதையும் அவரிடம் சொன்னபின் வாங்குங்கள். கார்டுக் கடனை வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பாதிப் பேர் சரியான நேரத்தில் நகையை வைக்காததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நகை இல்லாதவர்கள் ஃபிக்சட் டெபாசிட்டையும் எல்.ஐ.சி. பாலிசியையும் பார்க்கலாம். டெபாசிட்டுக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக அதன்மேல் கடன் கிடைக்கும். சேமிப்புத் தன்மையுள்ள பழைய பாலிசி என்றால் சரண்டர் மதிப்பில் (பாலிசியை இடையில் முடித்தால் கிடைக்கும் தொகை) பெரும்பகுதி வரை கடன் உண்டு. சேமிப்பு இல்லாத டேர்ம் பாலிசிக்குக் கிடையாது. 7 சதவீத டெபாசிட்டை வைத்துக்கொண்டே 45 சதவீத வட்டி கட்டிவருகிறவர், அதை உடைத்தே கடனை அடைத்தாலும் லாபம்தான்.

சில இடங்களுக்குப் போகவே கூடாது. ஒரு சிறு கமிஷனுக்குக் கார்டைத் தேய்த்து ரொக்கம் தரும் கடைகள் கடனைக் குறைப்பதில்லை. ஒரு கார்டின் குழியை இன்னொரு கார்டின் மண்ணால் மூடுகின்றன. ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுத்தால் கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் விழும். உடனடிக் கடன் செயலிகளும் மீட்டர் வட்டிக்காரர்களும் இதைவிட மோசம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

வேலை போயோ நோய் வந்தோ எதுவுமே கட்ட முடியாத நிலை என்றால், வங்கிக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். மினிமம் டியூ, டியூ தேதியிலிருந்து 90 நாளுக்குள் கட்டப்படாவிட்டால் கணக்கு வாராக்கடனாகிறது. அதற்கு முன் எழுத்து மூலம் காரணத்தையும் மாதம் கட்ட முடிகிற தொகையையும் குறிப்பிட்டு, வட்டியைக் குறைத்துத் தவணை தரும்படி கேட்கலாம். நிலுவையில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கும் செட்டில்மென்ட் என்பது கடைசிப் படி. தள்ளுபடி கிடைக்கும், ஆனால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறி, பல ஆண்டுகள் புதுக் கடனுக்குத் தடையாக நிற்கும். அப்படியே செய்தாலும், வங்கியின் கடிதம் கைக்கு வராமல் வசூல் முகவரின் வாய்ச்சொல்லை நம்பி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் முகவர்கள் தொலைபேசியில் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பில்லையும் வரிவரியாகப் படியுங்கள். 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, கட்டாமல் நிற்கும் கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது. டியூ தேதியிலிருந்து மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். இவற்றுக்கு மாறாக இருந்தால் வங்கியிடம் புகார் எழுதி, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சிபில் அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அடைத்த கடன் நிலுவையாகவே நிற்பது போன்ற பிழையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் திருத்த வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

நிலுவை முழுவதையும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி வந்தால் திகைக்க வேண்டாம். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களின் வட்டி அது. அதைச் சிறு தொகை என்று விட்டால் மறுபடியும் பாக்கிக் கணக்காகிவிடும். அதையும் கட்டி, அதற்கடுத்த பில் சுழியம் என்று வந்தபின், கார்டை மூடுவதாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள். வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.