கடைசி மடக்கு எப்படி இருக்கிறது? ஆல்கஹால் இல்லாத கேன் காக்டெய்ல்களைச் சுவைத்துப் பார்க்கும் முறை

என் அண்ணன் குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. லண்டனில் எங்கள் வட்டத்தில் பிறந்தநாள், புதுவீடு, வளைகாப்பு என்று மாதம் ஒரு வீட்டில் கூட்டம் கூடும். முதல் வருடம் முழுக்க அண்ணன் கையில் ஒரு கோலா கேன்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் அது காலியாகிவிடும், இரண்டாவது குடித்தால் திகட்டிவிடும். வெறுங்கையோடு நின்றால் யாராவது வந்து, "என்ன, ஒண்ணும் எடுக்கலையா?" என்பார்கள். ஒரு மாலை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்காகத்தான் இந்தக் கேன்களை வாங்கிச் சுவைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இதுவரை நாற்பது வகைக்கு மேல் ஆகிவிட்டது.

பலரும் செய்கிற தவறு, கேனைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவது. குளிர்ச்சியும் கேஸும் சேர்ந்தால் முதல் வாய் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். காக்டெய்லை யாரும் மடமடவென்று குடிப்பதில்லை. பேசிக்கொண்டே அரை மணி, முக்கால் மணி நேரம் கையில் வைத்திருப்பார்கள். அதனால் நான் பார்ப்பது கடைசி மடக்கை. ஐஸ் கரைந்து, கேஸ் இறங்கி, சூடேறிய பிறகும் இன்னொரு வாய் குடிக்கத் தோன்றுகிறதா என்பதுதான் என் சோதனை.

வாங்கும்போதே கேனைத் திருப்பிப் படித்துவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் அளவு. இங்கிலாந்தில் "ஆல்கஹால் ஃப்ரீ" என்று போட்டுக்கொள்ள அரசின் வழிகாட்டுதல் 0.05 சதவீதம் வரைதான். ஆனால் 0.5 சதவீதம் உள்ளவையும் கடையில் அதே அலமாரியில்தான் அடுக்கியிருக்கும். அமெரிக்காவில் 0.5-க்குக் கீழே இருந்தாலே "நான் ஆல்கஹாலிக்" என்று விற்கலாம். ஒருமுறை இதைப் பார்க்காமல் ஒரு ஸ்பிரிட்ஸ் (spritz, சோடா கலந்த காக்டெய்ல் வகை) கேனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "இது எனக்கு வேண்டாம்மா" என்று மேசையில் வைத்துவிட்டார். கோபப்படவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது. மதநம்பிக்கை, கர்ப்பம், மருந்து, பழைய பழக்கம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். 0.0 என்று இருந்தால் ஒழிய அவர்களைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. குடியை விட்டவர்களில் சிலருக்கு, பழைய பானத்தின் சாயலே ஆகாது. விஸ்கி சாயலில் வரும் எதையும் அண்ணன் தொடமாட்டார். நான் கட்டாயப்படுத்தியதும் இல்லை.

அடுத்தது சர்க்கரை. 100 மில்லிக்கு எவ்வளவு என்றுதான் போட்டிருக்கும். 8 கிராம் என்றால் 250 மில்லி கேனில் 20 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன். 2018 ஏப்ரலில் இங்கே 100 மில்லிக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு வரி வந்தது. அதைத் தவிர்க்கச் சர்க்கரையைக் குறைத்து, சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்பைச் சேர்ப்பது சகஜமாகிவிட்டது. அந்த இனிப்பு தாமதமாக வந்து, போக மனமில்லாமல் நாக்கில் உட்கார்ந்திருக்கும். பட்டியலில் அதைப் பார்த்தால் உடனே ஒதுக்க வேண்டாம். விழுங்கி ஒரு நிமிடம் கழித்து நாக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

சுவைத்துப் பார்க்க நல்ல நேரம் காலை பதினொரு மணி. அடுப்பில் தாளிப்பு ஆரம்பித்துவிட்டால் கடுகும் பெருங்காயமும்தான் மூக்கில் நிற்கும். பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பற்பசையின் நுரைப்பொருள் இனிப்பை மங்க வைத்துக் கசப்பைக் கிளப்பிவிடும். காபியும் அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும். ஒரு தடவைக்கு ஐந்து வகை போதும், ஆறுக்கு மேல் நாக்குக் குழம்பிவிடும். நடுநடுவே சாதாரணத் தண்ணீரும் கொஞ்சம் பொரியும் எடுத்துக்கொள்வேன். உப்பில்லாத பொரியைப்போல வாயைச் சுத்தமாகத் துடைப்பது வேறு எதுவும் இல்லை. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் அல்லவா, அதே மாதிரி ஒரு பானம் அடுத்த பானத்தை மாற்றிக் காட்டும். அதனால் மென்மையானதில் தொடங்குங்கள். கசப்பானது பின்னால் வரட்டும். மிளகாய் போட்ட மார்கரிட்டா வகை எல்லாவற்றுக்கும் கடைசி.

எல்லாக் கேனும் ஒரே ஃபிரிட்ஜில் ஒரே இரவு இருந்திருக்க வேண்டும். குளிர் கூடினால் இனிப்பு குறைவாகத் தெரியும். ஒன்று சில்லென்றும் இன்னொன்று இளகியும் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. கேனிலிருந்து நேராகக் குடிக்காதீர்கள். அந்தச் சின்ன ஓட்டையில் மணம் வராது. நான் முதல் சுற்றுக்கு எவர்சில்வர் தம்ளர்தான் வைப்பேன், ஒவ்வொன்றிலும் நாற்பது மில்லி. நிறம் சரியாகத் தெரியாது என்பதுதான் அதன் பெரிய வசதி. கண்ணாடிக் கிளாஸில் சிவப்பாக எதையாவது ஊற்றிக் கொடுத்தால், பாதிப் பேர் குடிக்கும் முன்பே "ஸ்ட்ராபெரி" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தம்ளரின் அடியில் ஒரு துண்டுத் தாளில் எண்ணை ஒட்டிவிடுங்கள். 1, 2, 3 வேண்டாம், 1 என்றாலே உசத்தி என்று மனது எடுத்துக்கொள்ளும். 482, 716 என்று ஏதாவது போடுங்கள். ஊற்றுகிறவர் ஒருவர், குடிக்கிறவர் வேறொருவர்.

எதைத் தேடுவது என்று தெரிய, ஆல்கஹால் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது தொண்டையில் ஒரு எரிச்சலைத் தருகிறது, பானத்துக்குக் கனம் தருகிறது, மணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சர்பத்துதான். அதனால் தயாரிக்கிறவர்கள் எரிச்சலுக்கு இஞ்சி, மிளகாய், மிளகு சேர்க்கிறார்கள். கனத்துக்குக் கிளிசரின் அல்லது பிசின், பிடிப்புக்குத் தேயிலைத் துவர்ப்பு, வினிகர், ஜென்ஷன் என்ற மலைச்செடி வேரின் கசப்பு. இத்தாலியில் இந்தக் கசப்பு வழி புதிதே அல்ல. சான்பிட்டரும் க்ரோடினோவும் 1960-களிலிருந்தே மதுவில்லாமல் மாலைநேரப் பானமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் 2015-இல் சீட்லிப் என்ற மதுவில்லாப் பானம் வந்த பிறகுதான் இந்தச் சந்தை சூடு பிடித்தது.

இப்போது குடியுங்கள். முதலில் மூக்கு. மோஹிட்டோ என்றால், அது புதினாத் துவையல் அரைக்கும்போது வரும் மணமா, பற்பசை மணமா? எலுமிச்சை தோலைக் கிள்ளிய வாசமா, தரை துடைக்கும் திரவத்தின் வாசமா? பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரப்பி, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். ரசம் குடித்த பிறகு மேலே ஏறுமே ஒரு வாசம், அந்த இடத்தில்தான் நல்ல கேனும் மோசமான கேனும் பிரிகின்றன. ஒயின் சோதிக்கிறவர்களைப்போலத் துப்ப வேண்டாம். விழுங்கினால்தான் கசப்பும் காரமும் முழுதாகத் தெரியும், இதில் போதை ஏறும் பயமும் இல்லை.

குறிப்பு எழுதும்போது நம் வார்த்தைகளிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு எல்லாமே "ஃப்ரெஷ்", "க்ரிஸ்ப்" என்று ஒரே மாதிரி வந்தது. தமிழில் எழுத ஆரம்பித்ததும் வித்தியாசம் தானாகப் பிரிந்தது. என் நோட்டிலிருந்து இரண்டு:

"482. முன்வாயில் பன்னீர் சோடா. நடுவில் சப்பென்று இருக்கிறது. விழுங்கியதும் பாராசிட்டமால் தொண்டையில் ஒட்டிய கசப்பு, போகவே இல்லை."

"716. இஞ்சி நெஞ்சு வரை இறங்குகிறது, சுக்குக் காபி மாதிரி. லேசாகப் பாக்குத் துவர்ப்பு. சுண்டைவத்தல் கசப்பு வந்து உடனே விலகுகிறது. இன்னொரு வாய் கேட்கிறது."

இரண்டும் கசப்புதான். சுண்டைவத்தலையும் மாத்திரையையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்த நோட்டை மறுபடி பார்த்து என்ன பயன்?

இரண்டு கேன்களில் ஒன்று விலை இரட்டிப்பு, அது உண்மையிலேயே மேலா என்று சந்தேகமா? மூன்று தம்ளர் வையுங்கள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் மற்றது. எது வேறு என்று மட்டும் கேளுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடலாம், அதைவிட நிறையப் பேர் சொன்னால்தான் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஜின் டானிக் கேன்களை வைத்து ஆறு பேரிடம் கேட்டேன். சரியாகச் சொன்னது இரண்டே பேர். அன்றிலிருந்து விலை குறைந்ததைத்தான் வாங்குகிறேன்.

அப்புறம் முக்கியமான சுற்று. முதல் சுற்றில் தேறிய இரண்டு மூன்றை எடுத்து, இப்போது கண்ணாடிக் கிளாஸில், ஐஸ் போட்டு, முழுக் கேனையும் ஊற்றுங்கள். முப்பத்தைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள், நடுநடுவே ஒரு வாய். அலாரம் அடித்ததும் மிச்சத்தைக் குடியுங்கள். இனிப்பை நம்பி நின்ற பானம் இதற்குள் சர்க்கரைத் தண்ணீராகியிருக்கும். கசப்பும் துவர்ப்பும் காரமும் உள்ளவைதான் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. லையர்ஸ் கம்பெனியின் 250 மில்லி அமால்ஃபி ஸ்பிரிட்ஸை அண்ணிக்கு முதல் வாயில் பிடிக்கவில்லை, ஆரஞ்சுத் தோல் கசப்பு என்றார். அரை மணி நேரம் கழித்து அவர் கிளாஸ்தான் முதலில் காலியானது.

கூடவே நம் தின்பண்டம் ஒன்றையும் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் நம் வீட்டுக் கூட்டங்களில் வெறும் பானத்தை யாரும் குடிப்பதில்லை. மட்டன் சுக்காவுக்குப் பக்கத்தில் பூவாசம் வரும் ஜின் வகை காணாமல் போய்விடும். மிளகாய் மார்கரிட்டா காரத்தோடு காரம் சேர்ந்து வாயைப் புண்ணாக்கும். மசால் வடைக்குக் கசப்பு ஸ்பிரிட்ஸ் அவ்வளவு பொருத்தம், எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே வெட்டிவிடும்.

தேறியதைக் கொண்டு ஐஸ் கட்டி செய்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஐஸுக்குப் பதில் அதைப் போட்டால் கடைசி வரை நீர்த்துப்போகாது. போன மாதம் ஹாரோவில் ஒரு புதுவீட்டு விருந்துக்கு அந்தக் கட்டிகளை ஃபிளாஸ்கில் போட்டு எடுத்துப் போனேன். அண்ணன் ஒரே கிளாஸோடு ஒரு மணி நேரம் பால்கனியில் நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அந்த ஆரஞ்சு இன்னொண்ணு இருக்காம்மா?" என்று கேட்டார்.