இற்ற தூணுக்குப் புது அடி

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்), பர்மாத் தேக்குத் தூண் ஒன்று அடியில் மட்டும் இற்றிருந்தது. உளியால் குத்தினால் மாவாக உதிர்ந்தது. தூணையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. மேலே தட்டினால் கணீரென்கிறதே! தூணடிக் கல்லைச் சுற்றி யாரோ சிமெண்ட் பூசியதுதான் வினை. ஈரம் வெளியேற வழியில்லை.

உத்தரத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, இற்றதை அறுத்தேன். இடித்த வீட்டுத் தேக்கில் ரேகை ஓட்டம் பார்த்து ஒரு துண்டெடுத்து, இரண்டிலும் பாதிப் பாதி செதுக்கிக் கவ்வவிட்டு, மர முளை அடித்தேன். இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசினோம். ஜாக்கியை நூல் நூலாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்; வெடுக்கென்று இறக்கினால் மேல்சுவர் கீறிவிடும்.