கம்ப்யூட்டர் கள்ளக்களி ஆடவில்லை

"அண்ணே, இது கள்ளக்களி! கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது!" என்று தக்கலையிலிருந்து என் சித்தி மகன் போனில் கத்தினான். பான்சர் ஜெனரல் என்ற 1994ஆம் வருடத்துக் கம்ப்யூட்டர் போர் ஆட்டத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்து ஆடுகிறான். இருந்ததிலேயே நல்ல டாங்குகள் நாலும் ஒரே நகரத்தின் வாசலில் நொறுங்கிவிட்டனவாம்.

நேரில் போய்ப் பார்த்தேன். நகரத்துக்குள் பதுங்கு குழி வெட்டி உட்கார்ந்திருக்கும் காலாட்படையை, முதல் அடியே டாங்கால் அடித்திருக்கிறான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. அந்த ஆட்டத்தில் நாம் ஒவ்வொரு முறை தாக்கும்போதும் எதிரியின் பதுங்கல் மதிப்பு கொஞ்சம் இறங்கும். அதனால் முதலில் பீரங்கி, அப்புறம் விமானம், அதற்கும் பிறகு காலாட்படை. டாங்கு வெட்டவெளியில் ஓடுவதற்கு.

திரையில் டாங்கின் படம் தெரிகிறது, அதற்குப் பின்னால் ஓடும் கணக்கு தெரிவதில்லை. எல்லாச் சங்கடமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஆட்டங்களின் தாய்வீடு அட்டைப்பெட்டி, அதாவது வரைபடத்தை மேசையில் விரித்து, அட்டைக் காய்களை நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்கள். சார்லஸ் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1954இல் டாக்டிக்ஸ் என்ற ஆட்டத்தைத் தானே வெளியிட்டார். அவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனம் 1958இல் கெட்டிஸ்பர்க் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அவற்றில் கணக்கைப் போடுவது நாம்தான். தாக்குகிறவனின் பலத்தைத் தற்காப்பவனின் பலத்தால் வகுக்க வேண்டும், மிச்சத்தைத் தூக்கி எறிய வேண்டும், பகடையை உருட்ட வேண்டும், அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அந்த மிச்சத்தில்தான் சூட்சுமம். எதிரிக்குப் பலம் 4, நமக்கு 11 என்று வையுங்கள். கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று மனம் சொல்லும். அட்டவணையோ 2:1 என்றுதான் சொல்லும், ஏனென்றால் பின்னம் எப்போதும் தற்காப்பவன் பக்கம். பல பழைய ஆட்டங்களில் 2:1 என்றால் பகடை காலை வாரும்போது தாக்கியவனே அழிந்துபோக இடமுண்டு. அந்த நேரத்தில் மூலையில் சும்மா கிடக்கும், பலம் 1 மட்டுமே உள்ள துண்டுப்படையைக் கொண்டுவந்து சேர்த்தால் 12 ஆகிவிடும், முழு 3:1. அதே பகடைதான், ஆனால் அதன் பயம் பாதி போய்விடும். சின்ன யூனிட்டை மதிக்காமல் விடுவது டாங்கு மோகத்தின் மறுபக்கம். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 3 புலிக்கு எதிராக 15 ஆடு. ஒற்றை ஆட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் புலியின் கடைசி வழியை அடைப்பது அந்த ஒற்றை ஆடுதான்.

அடுத்தது சப்ளை. வரைபடத்தில் அம்புபோல முன்னால் பாய்ந்துவிட்டு, பின்னால் சாலை அறுந்ததைக் கவனிக்காமல் விடுவது. இதற்கு ரஷ்யப் பனி வரை போக வேண்டாம், குளச்சல் போதும். 1741இல் டச்சுக்காரர்கள் அங்கே இறங்கினார்கள். ஆளும் வெடிமருந்தும் வேண்டுமென்றால் கடல் வழியாகத்தான் வர வேண்டும். சண்டை முடிந்த ஆகஸ்ட் மாதத்தில் குளச்சல் கடல் எப்படியிருக்கும் என்று நம் மீனவர்களைக் கேட்டாலே போதும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படையின் டிலனாய், பிறகு அவருக்கே படைத்தலைவரானார். கல்லறை புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. என் தம்பி அங்கே எத்தனையோ முறை போட்டோ எடுத்திருக்கிறான், சப்ளையை மட்டும் யோசித்ததில்லை.

காலத்தை மறப்பதும் உண்டு. எத்தனை எதிரிகளைக் கொன்றோம் என்று எண்ணிக்கொண்டிருப்போம். ஆட்டமோ இத்தனை டர்னுக்குள், அதாவது நாம் ஆடும் இத்தனை முறைக்குள், இந்த ஊர்களைப் பிடி என்று கேட்டிருக்கும். ஓடுகிற எதிரியைத் துரத்திக்கொண்டு பக்கவாட்டில் போனால் இரண்டு டர்ன் போச்சு.

சேவ் செய்துவைத்து, பகடை சரியில்லை என்றால் திரும்ப லோட் செய்வதைப் பற்றிச் சொன்னால் கோபப்படுவார்கள். நானும் செய்தவன்தான். ஆனால் அப்படி ஆடுகிறவருக்கு 2:1க்கும் 3:1க்கும் வித்தியாசம் கடைசிவரை உறைக்காது.

வாங்குவதிலும் ஒரு தவறு. வார் இன் தி ஈஸ்ட் மாதிரி, ஒரு டர்னுக்கு ஒரு வாரம் என்று நான்கு வருடப் போரை நகர்த்தும் ராட்சதனை முதல் ஆட்டமாக எடுக்காதீர்கள். 2011இல் வந்த யூனிட்டி ஆஃப் கமாண்ட் போதும். அதில் ஆட வேண்டிய போர்கள் சின்னவை, சப்ளை எதுவரை போகிறது என்பதை வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டி ஆட்டம் வாங்குகிறவர்களுக்கு நம் குமரி மாவட்டத்தில் தனிப் பிரச்சினை. இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, அட்டை ஊறி வளையும். அரையங்குலக் காய்களை மேசையில் பரப்பிவிட்டு ஃபேன் போட்டால் ஒரு படையே கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனக்கு அப்படிப் போன காய் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. வரைபடத்தின் மேல் கண்ணாடித் தகடு, காய்களுக்கு மூடி போட்ட டப்பா, எடுக்க ஒரு இடுக்கி. இல்லையென்றால் வாஸல் (VASSAL) என்ற இலவச மென்பொருளில் அதே ஆட்டங்களைக் கணினியிலேயே பரப்பிக்கொள்ளலாம். பெரும்பாலும் கணக்கை அங்கேயும் நாம்தான் போட வேண்டும், அதனால்தான் தம்பிக்கு முதலில் அதைப் போட்டுக்கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை 11ஐ 4ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, தாக்காமல் ஒரு டர்ன் காத்திருந்தான்.