நாட்செஸில் குடியேறிய முன்னோர்: தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நாட்செஸுக்கு வந்து சேர்ந்த முன்னோரைத் தேடப் புதிதாக இறங்குபவர்கள் பலரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பெயரின் எழுத்துக்கள் மாறுவதும் வயது முன்பின்னாக இருப்பதும் பழகப் பழகத் தானே பிடிபடும்.

பெயர் ஒத்தவுடன் தாவுவது

ஜார்ஜியாவில் அதே பெயரில் ஒருவர் அகப்பட்டதும், அவருடைய நான்கு தலைமுறையையும் கொண்டுவந்து தங்கள் குடும்ப மரத்தில் (வம்சாவளிப் படத்தில்) ஒட்டிவிடுகிறார்கள். தாத்தாவின் பெயரைப் பேரன்கள் பலருக்கும் வைத்த காலம் அது. ஒரே கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) மூன்று பேருக்கு ஒரே பெயர் இருக்கும். பிறகு வருபவர்கள் அந்த மரத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். பத்துப் பேர் எழுதியபின் பிழையே சான்றாகிவிடுகிறது. இதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தேடலை நாட்செஸிலிருந்தே பின்னோக்கி நகர்த்துங்கள். சுதந்திரமாக வாழ்ந்த எல்லோரையும் பெயரும் பிறந்த மாநிலமுமாக முதலில் பதிந்தது 1850 கணக்கெடுப்பு. அதில் 12 வயதுப் பிள்ளை பிறந்தது ஜார்ஜியா, 9 வயதுப் பிள்ளை அலபாமா, 4 வயதுப் பிள்ளை மிசிசிப்பி என்றால், குடும்பம் ஜார்ஜியாவை விட்டது ஏறக்குறைய 1838க்கும் 1841க்கும் இடையில். அந்த ஆண்டுகளின் ஜார்ஜியா வரிப்பட்டியலை எடுங்கள். நிலமில்லாத ஆணும் தலைவரிக்காக (ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த வரி) அதில் வருவார். கிளம்பும் முன் நிலத்தை விற்ற கிரையப் பத்திரத்தைத் தேடுங்கள். மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்த குறிப்பு இருந்தால் அவர் பெயரும் கிடைக்கும். ஜார்ஜியாக்காரர் 1848இலும் அங்கேயே தலைவரி கட்டுகிறாரா? அவர் வேறு ஆள், விட்டுவிடுங்கள். உறவும் அண்டை வீடும் சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள் என்பதால், கணக்கெடுப்பில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கங்களையும், பத்திரச் சாட்சிகளையும் குறித்துவையுங்கள்.

ஒரே வீடு என்பதால் பிள்ளை என்று எழுதுவது

1880க்கு முந்தைய கணக்கெடுப்பில் உறவுமுறைப் பத்தியே இல்லை.

படகுப் பயணிகள் பட்டியலைத் தேடி அலைவது

ஆற்று நீராவிப் படகுகள் அரசுக்குப் பட்டியல் தரவில்லை. கடல் தாண்டி வந்தவரென்றால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகப் பட்டியல்களைப் பாருங்கள். அவை 1820இல் தொடங்குகின்றன.

அடிமைப்பட்டிருந்த முன்னோரைத் தேடும்போது 1870 கணக்கெடுப்புடன் நின்றுவிடுவது

அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் குடிபெயரவில்லை. கொண்டுவரப்பட்டார்கள், பலர் நாட்செஸின் ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட்’ சந்தையில் விற்கப்பட்டார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் பெரும்பாலும் வயதும் பாலினமும் நிறமும்தான் உண்டு, பெயர் இல்லை. விடுதலையான அடிமைகளுக்காகத் தொடங்கி 1874இல் மூடப்பட்ட ஃபிரீட்மன்ஸ் வங்கியின் நாட்செஸ் கிளைப் பதிவேட்டைப் பாருங்கள்: கணக்குத் தொடங்கியவரின் பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர், சில பதிவுகளில் பழைய எஜமானர் பெயர் வரை இருக்கும்.

1798க்கு முன் வந்தவரை ஆங்கில ஆவணத்தில் மட்டும் தேடுவது

1779 முதல் 1798 வரை ஊர் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அதனால் ஸ்பானிய ஆவணங்களையும் பாருங்கள்.