எக்ஸ்கவேட்டரில் எலக்ட்ரிக்கல் கோட் வந்தால்: ஸ்பானருக்கு முன்னால் மீட்டர்

சிங்கப்பூரில் சுங்கை காடுட்டில் ஒரு யார்டில் எக்ஸ்கவேட்டர் மெக்கானிக்காக இருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் தம்பிகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: மானிட்டரில் வரும் கோட், அதாவது கோளாறு எண், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த ஒயர் வழியில் கன்ட்ரோலர் (மெஷினின் கம்ப்யூட்டர்) எதிர்பார்த்த வோல்டேஜ் வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. திரையில் சென்சார் பெயரைப் பார்த்ததும் புது சென்சாருக்கு ஆர்டர் போடுகிறவர்கள் நிறையப் பேர். மாட்டிய பிறகும் அதே கோட் வரும். அதற்குள் ஒரு நாள் வேலை நின்று, மண் ஏற்ற வந்த லாரிகள் சைட்டில் வரிசையாகக் காத்துக் கிடக்கும்.

கோட்டை முழுதாகப் படியுங்கள். ஜே1939 என்ற பொது முறையில் கன்ட்ரோலர்கள் பேசும் மெஷின்களில் அது இரண்டு எண்ணாக வரும். எஸ்.பி.என். என்பது எந்த சர்க்யூட் என்று சொல்லும்: 100 என்றால் ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 157 காமன் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாய்) பிரஷர், 168 பேட்டரி. அடுத்து வரும் எஃப்.எம்.ஐ., கோளாறு எந்த வகை என்று சொல்லும், அதுதான் எனக்கு முக்கியம். 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் மேலே போய்விட்டது, 4 என்றால் கீழே விழுந்துவிட்டது. 5 கரன்ட் ஓடவில்லை, அதாவது பெரும்பாலும் ஓபன், வழி எங்கோ அறுந்திருக்கிறது. 6 கரன்ட் அதிகம், பெரும்பாலும் எர்த்தில் ஷார்ட். 2 வந்தால் சிக்னல் நிலையில்லாமல் ஆடுகிறது, லூஸ் பின்னைத் தேடுங்கள். 0, 1 என்று வந்தால் ஒயரை விட்டுவிடலாம். உண்மையிலேயே சூடோ பிரஷரோ எல்லை தாண்டியிருக்கிறது, அது வேறு வேலை.

கொமாட்சு கம்பெனி மெஷின்கள் இதையே தனித்தனி எண்ணாகக் காட்டும். பிசி200-8 மாடலில் மானிட்டரின் 4ஆம் எண் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்று வரிசையாக அழுத்தினால் சர்வீஸ் மெனு திறக்கும். எலக்ட்ரிக்கல் பதிவில் கோட்டுக்கு இடப்பக்கம் ‘இ’ குறி இருந்தால் கோளாறு இப்போதும் இருக்கிறது. எத்தனை முறை வந்தது, மணி மீட்டர் எத்தனை காட்டியபோது வந்தது என்பதும் அங்கேயே இருக்கும். எதையும் அழிக்காதீர்கள், முதலில் போனில் படம் எடுங்கள். அழித்துவிட்டால் விட்டு விட்டு வரும் கோளாறைத் தேட உங்களிடம் வேறு தடயமே இருக்காது.

அடுத்து பேட்டரி. இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருப்பதால் மொத்தத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். ஒன்றில் 12.7, இன்னொன்றில் 11.6 இருந்தாலும் கூட்டினால் 24.3 வரும், பார்க்க நன்றாகவே இருக்கும். தனித்தனியாக அளங்கள். எஞ்சின் ஓடும்போது மொத்தம் 27.5 முதல் 29.5 வரை இருக்க வேண்டும். பிறகு கிராங்க் செய்யும்போது (ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போது) மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து கோட் சேர்ந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இனி நான் அதிகம் நம்பும் சோதனை. கூலன்ட் சென்சாரில் இரண்டே ஒயர். உள்ளே இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் பொருள். ஓபன் ஆனால் சிக்னல் மேலே போகும், ஷார்ட் ஆனால் கீழே விழும். கொமாட்சுவில் மேலே போனால் சி.ஏ.144, கீழே விழுந்தால் சி.ஏ.145. மெஷினில் 145 நிற்கிறது என்று வையுங்கள். சாவியை ஆன் செய்து சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். கோட் 144ஆக மாறினால் ஒயரும் கன்ட்ரோலரும் நல்லவை. சென்சார்தான் உள்ளே ஷார்ட், மாற்றலாம். கழற்றிய பிறகும் 145 அசையவில்லை என்றால் சென்சார்மேல் பழியில்லை, ஒயர் எங்கோ மெஷின் உடம்பில் உரசுகிறது. 144 நின்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: கழற்றி, ஹார்னஸ் (ஒயர் கட்டு) பக்கத்து இரண்டு பின்னையும் சிறு ஒயரால் இணையுங்கள். 145ஆக மாறினால் ஹார்னஸ் சரி, சென்சார் ஓபன். மாறாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது பின் பிடிக்கவில்லை. பத்து நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை.

மூன்று ஒயர் பிரஷர் சென்சாரில் இப்படி இணைக்கவே கூடாது. அங்கே ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சிக்னல் சாதாரணமாக 0.5க்கும் 4.5க்கும் நடுவில் இருக்கும். ஒரே 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாமே கோட் போடும். சப்ளையில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

சிங்கப்பூரில் நான் பார்க்கும் கோளாறுகளில் தண்ணீருக்குப் பெரும் பங்கு. மதியம் இடியோடு கொட்டும் மழை, லோ பெட் டிரெய்லரில் மெஷினை ஏற்றுவதற்கு முன் களிமண் போக ஜெட் பம்பால் அடிக்கும் கழுவல், துவாஸ் பக்கம் உப்புக் காற்று. மழை விட்டதும் வந்து, வெயில் ஏறினால் மறைகிற கோட் என்றால் எஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து கனெக்டர்களில் ஒவ்வொன்றாகத் தெளித்து மானிட்டரைப் பாருங்கள். கண்டுபிடித்ததும் கான்டாக்ட் கிளீனரால் கழுவி உலர்த்துங்கள். பச்சை பூத்த பின்னைச் சுரண்டி மட்டும் விடாதீர்கள், மாற்றுங்கள். சரியான அளவு உதிரி ஆண் பின் ஒன்றை ஒவ்வொரு பெண் பின்னிலும் செருகிப் பாருங்கள், இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்.

ஒயர் தோலைக் குத்தி அளப்பதை நான் அனுமதிப்பதே இல்லை. அந்தத் துளையில் ஈரம் இறங்கி சில மாதத்தில் ஒயர் உள்ளேயே அரித்துவிடும். சிம் லிம் டவரில் மெல்லிய புரோப் முனைகள் கிடைக்கும், கனெக்டரின் பின்பக்கமாக நுழைத்து அளங்கள். இன்ஜெக்டர் ஒயரில் எஞ்சின் ஓடும்போது கை வைக்கவே வேண்டாம், அங்கே 24 வோல்ட்டைவிடப் பல மடங்கு ஏறும்.

எஃப்.எம்.ஐ. 9 அல்லது 19 வந்தால் கன்ட்ரோலர்களுக்குள் பேச்சு தடைபட்டிருக்கிறது. பேட்டரியைத் துண்டித்து, அவை பேசிக்கொள்ளும் கேன் ஒயர் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வந்தால் நல்லது. 120 என்றால் ஒரு முனையில் இருக்கும் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கேபின் தரைக்கு அடியில் எலி கடித்த ஹார்னஸை நிறையப் பார்த்திருக்கிறேன், அங்கே முதலில் டார்ச் அடியுங்கள். பக்கெட்டில் வெல்டிங் நடந்த மறுநாள் இந்தக் கோட் வந்தால், பேட்டரியையும் கன்ட்ரோலர் கனெக்டர்களையும் கழற்றாமல் வெல்டிங் செய்தார்களா என்று ஆப்பரேட்டர் அண்ணனிடம் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் கோட்டை அழித்து, மெஷின் நன்றாகச் சூடேறும்வரை தோண்டவிட்டு மறுபடி பாருங்கள். எந்த கனெக்டர், எந்த பின், எத்தனை வோல்ட் என்பதை மணி மீட்டர் எண்ணோடு மெஷின் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரவு ஷிப்ட்டுக்கு வருகிறவர் நீங்கள் அளந்ததையே மறுபடி அளக்க வேண்டியிருக்காது.